ஒரு ஜல்லிக்கல்லை ரசிப்பது எப்படி?

வீடு கட்டும் இடத்தில் குவிந்து கிடக்கும் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்துக் கல் என்றால் அது சார்னோகைட் என்ற பாறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடைந்த முகத்தை வெயிலில் காட்டி மெல்லத் திருப்புங்கள்.

ஒரு கோணத்தில் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று மின்னி அணையும். அவை ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அதன் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தால், உடையும்போது வழவழப்பான தட்டைத் தளமாக உடைகிறது. அந்தத் தளம்தான் வெயிலை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்திலேயே எண்ணெய் தடவினாற்போல, லேசான நீலச் சாயலோடு இருப்பது குவார்ட்ஸ். அது பாட்டில் கண்ணாடிபோல வளைவு வளைவாக உடையும். கரும்பழுப்பு மணிகள் ஹைப்பர்ஸ்தீன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

சந்தேகம் வந்தால் கீறிப் பாருங்கள். 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. பேனாக்கத்திக்கு இரண்டும் மசியாது. சில கற்களில் இருக்கும் மைக்கா என்ற கனிமமோ நகம் பட்டாலே ஏடு ஏடாக உரியும்.

இந்த மணிகள் எப்படி வளர்ந்தன? கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, பல நாள் அசைக்காமல் வைத்தால் பெரிய கட்டிகள் கட்டும். கிளறிக்கொண்டே ஆறவைத்தால் பொடியாகிவிடும். கல்லிலும் அப்படித்தான். தரைக்கு மேலே வழிந்து சட்டென்று ஆறிய தக்காணத்துப் பசால்ட்டில் மணிகள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. சார்னோகைட்டின் மணிகளோ பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் நிதானமாக உருவானவை. அங்கே நீர் மிகக் குறைவு. அதனால்தான் நீரைத் தன்னுள் வைத்திருக்கும் மைக்காவுக்குப் பதிலாக ஹைப்பர்ஸ்தீன் மிகுந்திருக்கிறது. சென்னைப் பகுதிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பரங்கிமலையில் இருக்கும் சார்னோகைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே சுத்தியலை எடுக்காதீர்கள். உடைத்துப் பார்ப்பதற்குத் தெருவோர ஜல்லி போதும்.