சீசர் எழுதாத ஆணி

பிப்ராக்த் அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரு துருப்பிடித்த ஆணியின் முன்னால். என் உள்ளங்கையைவிட நீளம். கூட வந்த நண்பன், "இதுல என்னடா இருக்கு, வா" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு வாள்கள் பக்கம் போய்விட்டான். நான் நகராததற்குக் காரணம் ஒரு புத்தகம்.

பிப்ராக்த், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மோன் பெவ்ரே என்ற மலைமேல் இருந்த கோல் நகரம். ஏதுயி இனக்குழுவின் தலைநகர். கி.மு. 52இல் கோல் குழுக்கள் ரோமுக்கு எதிராகத் திரண்டபோது வெர்சிங்கெதோரிக்ஸைத் தலைவனாக உறுதிசெய்த கூட்டம் இங்கேதான் நடந்தது. அதே ஆண்டு அலேசியாவில் அவன் சரணடைந்தான். அந்தக் குளிர்காலத்தைக் கழிக்க ஜூலியஸ் சீசர் தேர்ந்தெடுத்ததும் இதே ஊரைத்தான். கோல் போர்களைப் பற்றிய தன் நூலை அவர் இங்கே தங்கியிருந்தபோது எழுதினார் என்று கருதுகிறார்கள். தோற்றவர்களின் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜெயித்தவர் எழுதிய கதை அது.

அந்த நூல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்ஜினியரிங் படிக்கும்போது ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அலங்காரமே இல்லாத உரைநடை. தன்னைக்கூட 'நான்' என்று சொல்லாமல் 'சீசர்' என்றே எழுதுகிறார். நல்ல ரிப்போர்ட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல வருடம் நம்பினேன்.

ஏழாம் பாகத்தில் அவாரிகும் முற்றுகை வரும். அங்கே போரை நிறுத்திவிட்டு சீசர் கோல் சுவரை விளக்குகிறார். உத்தரங்களை இரண்டடி இடைவெளியில் கிடத்துவார்கள், உட்புறம் பிணைப்பார்கள், மண் நிரப்புவார்கள், முகப்பில் கல் பதிப்பார்கள். கல் தீயைத் தடுக்கும், மரம் இடிப்பதைத் தாங்கும். ஓர் இன்ஜினியர் எழுதியது போலவே இருக்கும். ஆனால் அந்தப் பத்தியில் ஆணி என்ற பேச்சே இல்லை.

பிப்ராக்த் சுவரிலோ உத்தரங்கள் குறுக்கே சந்திக்கும் இடங்களில் இருபது, முப்பது சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணிகள். மரம் மக்கிப்போய், ஆணி மட்டும் மண்ணுக்குள் அதே இடத்தில் கிடந்தது. கட்டி முடித்த பிறகு வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது படவே படாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இவ்வளவு இரும்பைப் புதைக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் எத்தனை கொல்லர்கள் இருந்திருக்க வேண்டும்! இருந்தார்கள். ரெபூ வாசலுக்கு உள்ளே அவர்களுடைய பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

சீசர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கோல் சுவர்களிலும் ஆணி கிடையாது. அவாரிகும் சுவரிலும் இல்லாமல் இருந்திருக்கலாம். பிரச்சினை, கோல் சுவர்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் என்று அவர் பத்தியைத் தொடங்குவதில் இருக்கிறது. அந்த 'எல்லாமே'தான் இடறுகிறது. வாக்கியம் தெளிவாக இருந்தால் விஷயமும் முழுமையாக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருடைய நடையின் பலமும் ஆபத்தும் அதுதான்.

மலைமேல் அந்த ரெபூ வாசலில் சுவரின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வாசல் கிட்டத்தட்ட 20 மீட்டர் அகலம். எதிரியைத் தடுக்க இவ்வளவு அகலம் எதற்கு? வருபவர்களை அசத்தத்தான் என்று தோன்றியது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். திரும்பக் கட்டிய சுவர் சீசரின் உரைநடை மாதிரியே இருக்கிறது: சுத்தமாக, சந்தேகமே இல்லாமல். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஆணியிடம் இருக்கும் கூச்சம் அதற்கு இல்லை.

இந்த மலையை முதலில் விரிவாகத் தோண்டியவர் புல்லியோ, 1867இல். ஓதன் நகரத்து ஒயின் வியாபாரி. அவருக்குப் பொருத்தமாக, இங்கே இத்தாலிய ஒயின் ஜாடிகள் உடைந்து குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ரோமின் படை வருவதற்கு முன்பே ரோமின் ஒயின் வந்துவிட்டது. ஏதுயிகள் ரோமின் பழைய நண்பர்கள். கிளர்ச்சியில் கடைசியில்தான் சேர்ந்தார்கள். பானையோடுகளில் கிரேக்க எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை; வரலாறு எழுதி வைக்காதவர்கள். 1985இல் அதிபர் மித்தெரான் இங்கே வந்து இதைத் தேசிய இடமாக அறிவித்தார். ஆனால் மண்ணுக்குள் இருப்பவர்கள் அந்தத் தேசியக் கதைக்கும் முழுசாக அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

அந்த ஆணி என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு செய்தது என்பது கீழே இறங்கும்போதுதான் புரிந்தது. சில வருடம் முன்பு ஒரு கம்பெனியில் பழைய சாஃப்ட்வேர் ஒன்றை மூடிவிட்டுப் புதியதற்கு மாற்றினோம். பழையதைப் பற்றிய கடைசி ஆவணத்தை எழுதியது நான். மூன்று பக்கம், நல்ல தெளிவு, எல்லோரும் பாராட்டினார்கள். அதைக் கட்டியவர்கள் அதற்குள் வேலையை விட்டு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட நான் பேசவில்லை. புதியது ஓட ஆரம்பித்த இரண்டாம் மாதம், மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. பழைய கோடில் காரணமே தெரியாமல் இருந்த நாலு வரியை 'தேவையற்றது' என்று எழுதியிருந்தேன். அதுதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆவணம் இன்னும் அங்கே இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.