கப்பலும் கரையும்: 'லங்கா ராணி' பற்றி ஒரு நோக்கு

அரசியற் கோரிக்கையொன்று எப்போது இலக்கியமாகிறது? மேடையில் முழங்கப்படும்போதன்று, அக்கோரிக்கையின் பெயரால் வீடிழந்தவன் வாய் திறந்து பேசும்போதே எனலாம். இந்த உரைகல்லில் வைத்துப் பார்க்கத்தக்க நாவல், அருளர் எழுதிய 'லங்கா ராணி'.

1976 மே 14ஆந் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரிற்று. 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி அதே கோரிக்கையை முன்வைத்து 18 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த மாதமே வன்செயல் மூண்டது. தென்னிலங்கையில் அடிபட்ட மக்கள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். அக்கப்பலின் பெயரே நாவலின் பெயர்; அப்பயணமே அதன் கதை.

பலதரப்பட்ட மனிதரை ஒரே தளத்தில் நெருக்கி நிறுத்துவதற்குக் கப்பலைவிடச் சிறந்த களம் எழுத்தாளனுக்குக் கிட்டுவதரிது. அத்துடன் வரலாறே ஒரு முரணையும் ஆசிரியர் கையில் கொடுத்திருக்கிறது. தமிழருக்கெனத் தாயகம் ஏதுமில்லை என்று சாதித்த அரசு, ஆபத்து வந்ததும் அவர்களை எங்கே அனுப்பிற்று? 1958இல் கப்பல், 1977இல் கப்பல், 1983இலும் கப்பல். சட்டம் மறுத்ததைக் கப்பல் ஒப்புக்கொண்டது! 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் பிரிவினைக் கோரிக்கையையே குற்றமாக்கிற்று. அகதிகளை ஏற்றிய கப்பல்களின் நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. இந்த முரணை நாவலின் உயிர்நாடியாக்கியது அருளரின் வெற்றி. கண்ணீர்க் கதையாக முடிந்திருக்கக்கூடியதைச் சிந்தனைக் களமாக மாற்றிய பெருமை அவருக்குண்டு.

ஆயினும் குறையைச் சொல்லாது விடுவது விமர்சனமாகாது. ஆசிரியர் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர்; இயக்கத்தவரின் விவாதம் பாத்திரங்களின் வாயை அடிக்கடி பறித்துக்கொள்கிறது. அவர்கள் பேசும் அளவுக்கு வாழவில்லை. அடிபட்டவனுக்கு முதலில் வருவது கொள்கையன்று. பூட்டாது விட்டுவந்த கதவின் நினைவு, பிள்ளையின் பாடப்புத்தகம், மாதக் கடைசியில் கொடுக்க வேண்டிய வாடகை. வெள்ளவத்தைக் குமாஸ்தாவும் கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும் ஒரே துன்பத்தை ஒரே விதமாக அனுபவிப்பதில்லை என்பதை யதார்த்தவாதி மறக்கலாகாது.

இதனினும் ஆழமான கேள்வியொன்று உண்டு. கோரப்பட்ட நாடு வடக்கும் கிழக்கும். கொழும்பிலே அடிபட்டவனின் வீடோ அந்த எல்லைக்கு வெளியே. கப்பலேறிப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வந்து, காலி வீதியில் அதே கடையைத் திறந்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். திரும்பி வந்தவனின் நாவலை இன்னும் நாம் போதிய அளவு எழுதவில்லை. கப்பல் நமக்கு இலக்கியமாயிற்று, கரை ஆகவில்லை.

அங்கீகாரம் என்ற சொல்லையும் இங்கே சற்று ஆராய்தல் தகும். 1971 டிசம்பர் 6ஆந் திகதி இந்தியா வங்காளதேசத்தை அங்கீகரித்தது. அன்று முதல் நம் இளைஞர் பலர், வலிய அயல்நாடு ஒருநாள் தமக்கும் அவ்வாறு கைகொடுக்கும் என நம்பினர். நம்பியது பிழையன்று, அயல்நாடு தன் நலனுக்கே நகரும் என்பதை மறந்ததே பிழை. 1987இல் வந்த இந்தியப் படை ஈழத்தை அங்கீகரிக்க வரவில்லை, நம்பியவர்களோடேயே போரிட்டது. அப்படை வெளியேறிய 1990 மார்ச்சில், வடக்கு கிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் ஈழப் பிரகடனம் செய்தபோது எந்த நாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

உலகின் அங்கீகாரத்தைக் கேட்டவர்கள் தம்முள் ஒருவரை ஒருவர் அங்கீகரித்தார்களா? இக்கேள்வியைத் துணிந்து கேட்டது 1985இல் வெளிவந்த, கோவிந்தனின் 'புதியதோர் உலகம்'. விடுதலைக்கென வீட்டைவிட்டுப் போன இளைஞன் தன் தோழர்களாலேயே வதைபடுவதை அந்நாவல் காட்டிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் புலிகளால் துரத்தப்பட்டபோது அவர்களுக்குக் கப்பல்கூட இல்லை. 'லங்கா ராணி'யைப் படிப்போர் இதனையும் அதனருகே வைத்துப் படிக்க வேண்டும். விரட்டப்பட்டவனின் நியாயத்தைப் பேசும் இலக்கியம், தன்னவர் விரட்டியவனின் நியாயத்தையும் பேசினாலன்றி முழுமை பெறாது.

பழங்கதைதானே என்று எவரும் ஒதுக்க வேண்டாம். 2007 யூன் 7ஆந் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது உண்மை. ஆனால் கப்பலுக்குப் பதில் பஸ் என்பதன்றி, அகற்றிய மனப்பான்மையில் என்ன மாற்றம்?

2009இல் போர் முடிந்தது, கேள்வி முடியவில்லை. தனிநாட்டை ஏற்பவரும் மறுப்பவரும் இந்நாவலைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். மனிதன் தான் பிறந்த, உழைத்த, வாடகை கொடுத்த தெருவிலே அச்சமின்றி வாழும் உரிமையே முதல் அங்கீகாரம். அதனை எந்த அயல்நாடும் நமக்குத் தரப்போவதில்லை. அதற்காக வாதாடும் எழுத்தாளன், கப்பற்றளத்திலிருந்து இறங்கிக் கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் நடந்து வரட்டும். அங்கே தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் ஒரே குழாயடியில் வாளியோடு நிற்கிறார்கள். நமது அடுத்த நாவல் அங்கேதான் காத்திருக்கிறது.