முன்சீப் எழுதிய தீர்ப்பு

பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்று பாராட்டி அலமாரியில் வைத்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. முதன்மை என்னும் மாலையைச் சூட்டியபின் நூலைத் திறப்பவர் சிலரே. 1879-ஆம் ஆண்டு அச்சேறிய அந்நூலை அண்மையில் மீண்டும் ஒருமுறை படித்தோம். கதாசிரியரைவிட நீதிபதியே நம் கண்ணுக்கு மிகுதியாகத் தென்பட்டார். அந்த நீதிபதி வழங்கும் தீர்ப்புகளுள் ஒன்றை நம்மால் ஏற்க இயலவில்லை.

வேதநாயகம் பிள்ளை (1826–1889) நீதிமன்றத்தை மேலிருந்து மட்டும் பார்த்தவர் அல்லர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, பின்னரே முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று பணியிடம் மாறியது. மாயூரமே அவர் பெயரோடு நிலைத்தது. கட்டுக்கட்டாக அடுக்கிய வழக்கேடுகளின் தூசியையும், ஒருவர் வாய்மொழி வேறொரு மொழிக்குப் போகும்போது உதிர்ந்துவிடும் பொருளையும் நாள்தோறும் கண்டவர் அவர். 1859-இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து பாடினார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் வெளியிட்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழவேண்டிய மக்கள் அச்சட்டத்தைத் தம் மொழியில் படிக்க வேண்டாமா என்பதே அவர் கேள்வி.

ஓய்வு பெற்றபின் வெளியிட்ட நாவலிலும் அதே கேள்வி வருகிறது. நீதிபதிக்குத் தமிழ் தெரியும். வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியும். வாதிக்கும் பிரதிவாதிக்கும் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருந்தும் வாதம் ஆங்கிலத்தில் நடக்கிறது. இதைக் கண்டு அவர் நகைக்கிறார். நகைப்பின் அடியில் சினம் கொதிக்கிறது. தன் நிலத்தைப் பற்றியோ தன் மானத்தைப் பற்றியோ என்ன பேசுகிறார்கள் என்று அறியாமல், பேசுகிறவர் முகங்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடியானவனை ஆசனத்திலிருந்து பல்லாண்டுகள் கண்டவருக்கே அந்தச் சினம் வரும். கதையின் ஓட்டம் இங்கே தடைப்படுகிறது என்று குறை கூறுவோர் உண்டு. தடைப்படுவது மெய்தான். ஆயினும் நூலில் உயிர் துடிக்கும் பக்கங்கள் அவையே என்பது நம் கருத்து.

அவர் குரல் பழையதாகிவிட்டதென்று சொல்வதற்கும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கிய 2019-இல், முதற் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. தனியொரு மனிதராக அப்பணியை அவர் செய்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

இனி, நாம் ஏற்க இயலாத தீர்ப்புக்கு வருவோம். விக்கிரமபுரியில் பிரதாப முதலியாரின் செருப்பு அறுந்துவிடுகிறது. தைத்துக் கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று தொழிலாளியிடம் வாக்களிக்கிறார். கூலி நீட்டப்படுகிறது; எனக்குச் சந்தோஷம் இல்லை என்கிறார் அவர். வழக்கு மன்றத்துக்குப் போகிறது. சொல்லின் எழுத்தையே பிடித்துக்கொள்ளும் அவ்வூர் நீதியால் முதலியார் சிறைக்குப் போகிறார். பின்னர், யானை மாலையிட்டதால் ஆண் வேடத்திலேயே அரசாளும் ஞானாம்பாள் அந்த வழக்கை மீண்டும் விசாரிக்கிறாள். நான் அரசனானது உனக்குச் சந்தோஷமா, இல்லையா என்று கேட்கிறாள். தொழிலாளி வேறென்ன சொல்வார்? சந்தோஷம் என்கிறார். வாக்கு நிறைவேறிவிட்டது; முதலியார் விடுதலை.

படிக்கும்போது நாமும் சிரித்தோம். எழுத்தைப் பிடித்துக்கொண்டு நீதியைக் கொல்பவரை அதே எழுத்தாலேயே மடக்குவது பழைய மரியாதைராமன் கதைகளின் சுவை. ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு நெருடல். அரியணையிலிருந்து கேட்கப்படும் கேள்விக்கு வந்த அந்தப் பதில் உண்மையான சாட்சியமா? கூண்டில் நிற்கும் ஏழை அதிகாரத்தின் முகத்தைப் பார்த்து ‘ஆம்’ என்பதை வேதநாயகர் எத்தனை முறை கேட்டிருப்பார்! அச்சத்தால் வந்த சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. ஓர் உழைப்பாளிக்கும் வசதி படைத்த ஒருவருக்கும் இடையே, எவ்வளவு என்று பேசாமல் விட்ட கூலியைப் பற்றியது வழக்கு. பேசாமல் விட்டவர் வசதி படைத்தவர். தீர்ப்போ ‘சந்தோஷம்’ என்ற ஒரு சொல்லையே சுற்றிச் சுழல்கிறது. கதையில் ஞானாம்பாள் முதலியாரின் மனைவி என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. தன் கணவனின் வழக்கைத் தானே விசாரிக்கும் நீதிபதியை மாயூரத்து முன்சீப் ஒருநாளும் பொறுத்திருக்கமாட்டார்.

ஏழையின் துயர் தெரியாதவர் எழுதிய பக்கம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 1876–78 பெரும் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கியவர் அவர். அதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார் என்பது வரலாறு. அத்தகையவரின் கதைமன்றத்திலும் செருப்புத் தைப்பவர் நகைப்புக்குரியவராகவே வந்து போகிறார். ஆசனத்தில் இருந்தபோது கட்சிக்காரர் இருவரையும் ஒரே உயரத்தில் நிறுத்திப் பார்க்கக் கடமை அவரைக் கட்டியிருந்தது. எழுதுகோலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாட்டுப்புறக் கதையின் சிரிப்பு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அவரும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார். மேல்முறையீட்டுக்கு அந்தத் தொழிலாளி எங்கே போவார்? படிக்கிற நம்மிடம்தான் வரவேண்டும்.