சீத்தாவாகிப்போன சிறுத்தை

கவிதை, நாவல் என்று வாசித்துப் பழகிய நமக்கு ஒரு கேள்வித்தாளைப் பிரதியாக வாசிக்கத் தோன்றுவதில்லை. 2018 மே மாதம் நடந்த நீட் தேர்வின் தமிழ்த் தாள் அப்படி வாசிக்கப்பட வேண்டிய ஒன்று. 180 கேள்விகளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை. சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா'. நிலக்கோட்டையோ வேடசந்தூரோ, எங்க பக்கத்துச் சேரிகளில் எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச பிள்ளை சுவரில் முதலில் படிக்கிற சொற்களில் ஒன்று சிறுத்தை. அந்தச் சொல்தான் மொழிபெயர்த்தவருக்குக் கிடைக்கல.

மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வு விதி. அப்படின்னா தமிழில் எழுதுகிறவள் அதே மூன்று மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தையும் படித்துச் சரிபார்க்கணும். அப்புறம் எதுக்குத் தமிழ்த் தாள்? எங்கள் பேச்சைக் கொச்சை என்று அடித்துத் திருத்திய வாத்தியார்களுக்கும் இந்தத் தமிழ் புரிந்திருக்காது.

டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி 2018 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்தது, நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. 49க்கும் முழு மதிப்பெண் என்றால் விடை தெரியாதவருக்கும் போகும், அந்த வாதம் எனக்கும் புரிகிறது. ஆனால் தப்பான கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளைகளுக்கு வேறு பரிகாரமும் கிடைக்கவில்லை. தாள் தயாரித்தவரின் தகுதியைச் சோதிக்க எந்தத் தேர்வும் இல்லை.

ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கைப்படி, மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வெழுதியவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42. ஒரு வருசம் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துக் கோச்சிங்குக்கும் பணம் கட்டணும். பஞ்சு மில்லுக்கும் தோல் ஷாப்புக்கும் போகிற வீட்டில் அந்த ஒரு வருசம் ஏது? தகுதி என்கிற சொல்லுக்குள் ஒளிஞ்சிருக்கிறது இந்த வருசந்தான்.

நம் மேடைகள் மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. 2017 செப்டம்பர் 1 அன்று இறந்துபோன அரியலூர் அனிதாவைப் பேசும்போதெல்லாம் 1200க்கு 1176 என்றுதான் தொடங்குகிறோம். அவள் உழைப்புக்கு அது மரியாதை, சரி. ஆனால் மதிப்பெண்ணை வைத்தே நியாயம் கேட்டால் 900 எடுத்த பிள்ளைக்கு நம்மிடம் என்ன பேச்சிருக்கு? நாமக்கல் பக்கத்துப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பிராய்லர் கோழி மாதிரி வளர்த்து விற்ற காலத்தை அதற்குள் மறந்துட்டோமா?

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. அதற்கும் முதலில் நீட்டில் தேறணும். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதில் சேருவதற்கும் அதே தாள்தான்.