நொய்யல் இல்லாத சுற்றுச்சூழல் தாள்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, என்.எஸ்.எஸ். ஆகியவை ஐந்து பகுதிகளுக்குள் அடங்குகின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் தாள்களும் பிறகு இதில் சேர்ந்தன. 2023-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தை எல்லாக் கல்லூரிகளும் ஏற்க வேண்டும் என்று அரசு சொன்னபோது தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. பல்கலைக்கழகத்தின் இணைப்பில் ஓடும் சாதாரணக் கல்லூரிகளைப் பற்றி அப்போது அதிகம் பேச்சில்லை. திருப்பூரின் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

பொதுப் பாடத்திட்டம் தேவை என்றே நினைக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் திருப்பூரில் ஏராளம். ஆர்டர் குறைந்தால் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் கல்லூரி மாற நேரும் பெண்ணுக்கு, படித்து முடித்த தாள்கள் அங்கே செல்லுமா என்பதே முதல் கவலை. பட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் இணைத்தன்மை கேட்டு அலையவிடுவார்கள். பொதுவான அடித்தளம் இந்த இரண்டு துன்பத்தையும் குறைக்கும்.

ஆனால் மாதிரிப் பாடத்திட்டத்தை முக்கால் பங்கு பொது, கால் பங்கு சுதந்திரம் என்று வகுத்தவர்கள், அந்தக் கால் பங்கைப் பல்கலைக்கழகப் பாடக்குழுவின் கையில் கொடுத்தார்கள். இணைப்புக் கல்லூரிக்கு அதில் எதுவும் வந்து சேரவில்லை.

இதன் விளைவு சுற்றுச்சூழல் தாளில் நன்றாகத் தெரிகிறது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமான தாள் அது. யு.ஜி.சி. வகுத்த பாடத்தில் களப்பணிக்கென்று ஓர் அலகே உண்டு. அருகிலுள்ள மாசுபட்ட இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறது. திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எது? சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது. இத்தனையும் நடந்த ஊரில், ஓசோன் படலத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த மாணவர், ஆற்று நீரின் உப்பளவை ஒருமுறைகூட அளந்து பார்க்காமலே தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது. பாடத்தை வகுத்தவர்கள்மேல் மட்டும் இந்தப் பழியைப் போட முடியாது. எழுத்துத் தேர்வில் கேள்வியாக வராத அலகு வகுப்பிலும் வராது.

திறன் தாள்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை வரவேற்கிறேன். வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது வேண்டும். ஆனால் தையல், கட்டிங், செக்கிங் என்று ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இந்தத் தாள்களில் எந்தச் சலுகையும் இல்லை. அவர் கையில் இருக்கும் தொழில் அறிவுக்கு ஒரு கிரெடிட்கூடக் கிடையாது.

அப்படியானால் தொழிற்பயிற்சியைப் பட்டத்துக்குள் கொண்டுவரலாமே என்பார்கள். யு.ஜி.சி. 2020-லேயே அதற்கு வழிகாட்டுதல் தந்தது. குறைந்தது ஒரு செமஸ்டர் நிறுவனத்தில் கழிக்கலாம். இங்கேதான் எனக்கு அச்சம். ஏற்றுமதியாளர் சங்கம் முன்னின்று உருவாக்கிய நிஃப்ட்-டீ கல்லூரி தொழிலின் தேவைக்காகவே பிறந்தது. அதன் வேலை அது. அரசுக் கல்லூரிக்கு வருகிறவரைக் குறைந்த சம்பளத்துக்கு மிஷினில் உட்காரவைத்து அதற்குக் கிரெடிட் என்று பெயரிடக் கூடாது. தொழிலின் தேவையும் நிலையானதல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானதும் ஆர்டர்கள் ஆட்டம் கண்டதைப் பார்த்தோம். ஒரு பிரிவின் வேலையை மட்டும் பழகியவருக்கு அந்த நேரத்தில் பட்டம் எந்த வகையில் துணை நிற்கும்?

வேலை செய்யும் மாணவர் தன் வேலையைப் படித்து எழுதினால் கிரெடிட் தரலாம். ஒரு டி-ஷர்ட்டின் விலையில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, தைத்தவருக்கு எவ்வளவு என்று வணிகவியல் மாணவி கணக்குப் போடட்டும். பீஸ் ரேட், பி.எப்., இ.எஸ்.ஐ., முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் போடும் சம்பள ஒப்பந்தம் ஆகியவை பொருளியல் தாளில் வரட்டும். 1984-இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் நடத்திய வேலைநிறுத்தம் வரலாற்றுத் துறைக்கு வாசலிலேயே கிடக்கும் ஆய்வுப்பொருள். அதில் பங்கேற்றவர்களில் சிலரையாவது இன்றும் தேடிப்பிடித்துப் பேட்டி எடுக்கலாம். இன்னும் பத்தாண்டு கழித்து அது கடினம்.

இதற்குப் புதிய தாள் வேண்டாம். ஒவ்வொரு திருத்தமும் தாள்களைக் கூட்டியே வந்திருக்கிறது. மாணவரின் நேரம் கூடவில்லை. சுற்றுச்சூழல் தாளிலும் ஒரு திறன் தாளிலும் எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டு, களக்குறிப்பும் வாய்மொழித் தேர்வும் வைத்தால் போதும். பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள கால் பங்கில் அந்த அளவை இணைப்புக் கல்லூரிகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வகுப்பை நடத்துபவர் பெரும்பாலும் ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளராக இருப்பார். மாணவர்களை ஒரத்துப்பாளையம் அழைத்துப்போகும் நாளையும் அவருடைய பணிநேரத்தில் எழுதிக்கொள்ளும்படி விதி திருத்தப்பட வேண்டும்; போக்குவரத்துச் செலவு அவர் பையிலிருந்து போகக் கூடாது.