பழைய நூற்கடையும் இலக்கிய வரலாறும்: நாரந்தனையிலிருந்து ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு எழுதுவோர் எஞ்சியிருக்கும் நூல்களைக் கொண்டே எழுதுகின்றனர். எவை எஞ்சின, எவ்வழியால் எஞ்சின என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினா எழும்போது பழைய நூற்கடையும் திறனாய்வுக்குரிய பொருளாகின்றது. மலிவாக நூல் வாங்கும் இடம் என்று மட்டும் அதனைக் கருதுதல் போதாது. ஒரு சமுதாயம் தான் வாசித்து முடித்தவற்றை என்ன செய்கின்றது என்பதற்கு அது சான்றாகும்.

டோக்கியோவின் கண்டா ஜிம்போச்சோ பகுதியை இதற்கு எடுத்துக்காட்டலாம். உயர்கல்வி நிலையங்கள் சூழ்ந்த அவ்விடத்தில், ஒரு தலைமுறை மாணவர் விற்ற நூல்களை அடுத்த தலைமுறையினர் வாங்கினர். 1913இல் அங்கே பழைய நூற்கடையாகத் தொடங்கிய இவனாமி நிறுவனம், 1914இல் நட்சுமே சோசெகியின் 'கொக்கொரோ' நாவலை வெளியிட்டுப் பதிப்பகமாக வளர்ந்தது. பழைய நூல் வாணிகமே புதிய நூலுக்கு முதலாயிற்று. தமிழகத்திலோ, பழைய நூல் தேடுவோருக்குப் புகலிடமாயிருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்த பின்னர், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியாலேயே ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன.

நாரந்தனை போன்ற தீவகத்து ஊரொன்றில் இத்தகைய கடைத்தெருவை எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயினும் அது நூலற்ற ஊர் அன்று. சைவமும் கத்தோலிக்கமும் அருகருகே வாழும் அவ்வூரின் வாசிப்பு, வீட்டு அலுமாரிக்குரிய வாசிப்பாகும். புராணம், செபப்புத்தகம், பாடசாலை மலர், இறந்தோர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு ஆகியன இவ்வகைச் சேகரங்களுக்கு உரியவை. இவற்றுள் கல்வெட்டு சிறப்பாக நோக்கற்பாலது. ஊர்ப்புலவரின் செய்யுளும் குடும்ப வழிமுறையும் ஊர்ச் சிறப்பும் அதில் ஒருங்கே இடம்பெறும். எனினும் நூலகம் அதனை நூலெனக் கொள்வது அரிது. கடைக்காரரும் விலை மதிப்பதில்லை. இரு வாயில்களும் அடைபட்ட பின்னர் அதற்கு எஞ்சியது அந்த அலுமாரி ஒன்றே.

அதுவும் நிலைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவு உலகறிந்தது. 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது மக்கள் விட்டுச்சென்ற வீடுகளில் இருந்தவற்றுக்கோ கணக்கே இல்லை. உடுபுடைவையும் உறுதிப் பத்திரமும் கொண்டு ஓடியவர்கள் அலுமாரியைச் சுமந்து செல்ல முடியுமா?

எனவே பழைய நூற்கடையைப் பற்றிய இனிய கற்பனைகளை ஈழத்து வாசகன் அப்படியே ஏற்றல் இயலாது. அரிய நூல் கிடைத்த மகிழ்ச்சிக்குப் பின்னே இன்னொருவரின் இழப்பு மறைந்திருக்கலாம். முதற் பக்கத்துக் கையொப்பம், பாடசாலை முத்திரை, பரிசளிப்புக் குறிப்பு என்பன நூலின் விலையைக் குறைக்கும் கறைகளாக வணிகருக்குத் தோன்றலாம். ஆய்வாளனுக்கு அவையே நூல் வாசிக்கப்பட்டமைக்கான சான்றுகள்.

நாரந்தனைக்கு அண்மையிலுள்ள கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் பணி இங்கு நினைக்கத்தக்கது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் டி புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966இல் அவர் மறுபதிப்பாக வெளியிட்டார். அவருக்கு வாய்த்ததைத் தற்செயலான பேறென்று கொள்ளலாகாது. தேடுவது இன்னதென்று அவர் அறிந்திருந்தார். தேடிய பொருளை ஒரு நிறுவனம் பேணியிருந்தது. நம்மிடம் முன்னையது சிலரிடம் உண்டு. பின்னையதே அரிது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் இக்குறையைப் பெரிதும் நிரப்பி வருகின்றது. எனினும் படியெடுப்பது மட்டும் முழுப்பணி ஆகாது. நூல் எவ்வீட்டிலிருந்து வந்தது, எவர் கைகளில் இருந்தது என்பனவும் உடன் பதியப்பெறல் வேண்டும். தத்தம் ஊருக்கு விடுமுறையில் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அலுமாரியையேனும் திறந்து பட்டியலிடுவாராயின், நம் இலக்கிய வரலாற்றில் நாரந்தனைக்கும் ஓரிடம் உண்டாகும். பழந்தாள் வணிகரின் தராசு அவ்வீடுகளை அடையுமுன் அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.