கொரகொரப்பைத் தாண்டி வந்த குரல்கள்

எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த மாமா, ரேடியோவுக்கான ஏரியல் கம்பியை இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார். கீழே சேலத்தில் வீட்டுக்கு வீடு வாசலுக்கு மேலே ஒரு செம்பு வலையை மாட்டிவிட்டுத் திருப்தி அடைந்த காலம் அது. "அவங்களுக்கு எது வருதோ அதைக் கேக்கறாங்க. நமக்கு எது வேணுமோ அதைக் கேக்கறோம்" என்பார். சேர்வராயன் மலை ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம் என்பதால்தான் இப்படி என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். உயரத்தால் மத்திய அலை ஒன்றும் கூடுதலாக வந்துவிடாது. மில்லும் மோட்டாரும் அங்கே குறைவு, வெல்டிங் பட்டறை கிடையாது. அந்த அமைதிதான் காரணம். பகலில் திருச்சி கேட்கும். பொழுது சாய்ந்தால் கொழும்பு இன்னும் நெருங்கி வரும். சிற்றலைக்குத் திருப்பினால் லண்டன், மணிலா, மாஸ்கோ எல்லாம் தமிழ் பேசும். ஐப்பசி இடியில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கதி, கொரகொரவென்ற இரைச்சல்தான்.

தமிழ் ஒலிபரப்பின் மரபுகளைப் பற்றி ஒரு மலைக்காரனிடம் கேட்பானேன் என்று, இந்தக் கட்டுரையை எழுதச் சொன்ன மலர்க்குழு நண்பர்களிடம் கேட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அமெரிக்காவில் என்.பி.சி. 1926-லும் சி.பி.எஸ். 1927-லும் தொடங்கின. நியூயார்க்கில் ஒருவர் பேசினால் தொலைபேசிக் கம்பி வழியே ஊரூராக இருக்கும் உறுப்பு நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டுக் குரல் போலத் தெளிவாக ஒலிக்கும். நமக்கு வாய்த்தது வேறு. நான்கைந்து நாட்டுத் தமிழ், நான்கைந்து விதமாக, வானத்திலிருந்து தேய்ந்து வந்து சேர்ந்தது. யார் பேச்சு இரைச்சலைத் தாண்டி விளங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த மலை நல்ல இடம். நான் வைத்திருக்கும் அளவுகோலும் அது ஒன்றுதான்.

சென்னையில் 1924-லேயே ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பிப் பார்த்தது. பிறகு அதை மாநகராட்சி நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் வந்தது, திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில். இந்த இரண்டு நிலையங்களின் பள்ளியை அடக்கத்தின் பள்ளி என்பேன். அறிவிப்பாளர் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். ராகம், தாளம், பாடுபவர், பக்கவாத்தியம், அவ்வளவுதான். கச்சேரிக்காரர்களைக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்தார்கள். அந்தத் தரச் சான்று கல்யாணப் பத்திரிகையில் போடும் பட்டத்தைவிட உயர்ந்ததாக இருந்தது. நாடகத்துக்குச் சுகி சுப்பிரமணியம், பேச்சுக்கும் உரைச்சித்திரத்துக்கும் மீ.ப. சோமு, பள்ளி ஒலிபரப்புக்குத் தி. ஜானகிராமன் என்று எழுத்தாளர்களைச் சம்பளம் கொடுத்து உள்ளே வைத்திருந்தது அந்த அமைப்பு. 'மோகமுள்'ளை எழுதியவர் பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடத்தைக் காதுக்கு ஏற்றபடி செதுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

திருச்சிக்காரர்களின் சாதனை பாட்டில் மட்டும் இல்லை. 1960-களின் நடுவில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றிப் பண்ணை நிகழ்ச்சியில் விடாமல் சொன்னார்கள். நாற்று விடுவது, உரம் வைப்பது, பூச்சி வந்தால் செய்ய வேண்டியது எல்லாம் உழவன் பேச்சிலேயே வந்தது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காப்பியும் மிளகும் விளையும் எங்கள் மலையில் அந்த நெல்லுக்கு வேலை இல்லை. ஆனாலும் பழம் பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். ஒரு விதைக்குத் தன் பெயரையே கொடுத்த ஒலிபரப்பு வேறு எங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

டெல்லிப் பள்ளி தனி. அங்கிருந்து வரும் காலை ஏழேகால் செய்திக்காக மாமா மஸ்டர் எடுக்கும் நேரத்தையே தள்ளிவைப்பார். பின்னாளில் சினிமாவில் எல்லாரும் பார்த்த பூர்ணம் விசுவநாதன்தான் 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர். அவருக்குப் பின் வந்தவர்களில் சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. 'ஆகாசவாணி' என்று தொடங்கித் தன் பெயரில் முடியும் அந்த முதல் வாக்கியத்தை மலையிலே மாடு மேய்க்கும் பையன்கூட அச்சாகச் சொல்வான். (ஆகாசவாணியா, வானொலியா என்று தமிழ்நாட்டில் நடந்த சண்டை அவனை எட்டவில்லை.) அவர் வாசிப்பில் ஒவ்வொரு சொல்லும் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது வரும். போர்ச் செய்தியும் பட்ஜெட்டும் ஒரே சீராக ஒலிக்கும். உணர்ச்சியில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. மழைக்கால இரைச்சலில் எண்களைப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டியவனைக் கேட்டால், அந்தச் சீர்தான் வேண்டும் என்பான்.

இனி கொழும்புக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால், மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாட்டை எங்கள் மலையில்தான் எடுத்தார்கள் என்று இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டை நாங்கள் வீட்டில் கேட்டது எங்கிருந்து? கடல் தாண்டி, கொழும்பிலிருந்து. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தை வெகுவாக வெட்டினார். இலங்கையிலோ, போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்பி போருக்குப் பின் அந்நாட்டு அரசின் கைக்கு வந்தது. 1950-இல் அங்கே வர்த்தக சேவையும் தொடங்கிவிட்டது. மலை அடிவாரத்தில் பிறந்த பாட்டு, இசைத்தட்டாகக் கப்பலேறிப் போய், அலையாகத் திரும்பி, மாமாவின் சில்வர் ஓக் மரத்தில் வந்து இறங்கியது. பதினைந்து கல் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு கடல் தேவைப்பட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி தன் தவறைத் திருத்திக்கொண்டது. அதற்குள் எங்கள் ரேடியோ முள் கொழும்பில் துருப்பிடித்து நின்றுவிட்டது.

பாட்டு மட்டும் அல்ல, அதைச் சொன்ன விதமும் எங்களைக் கட்டிப்போட்டது. 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்ற அந்தக் கம்பீரமான பெயர் முதலிலேயே காதை நிமிர்த்தும். எஸ்.பி. மயில்வாகனம் வேகமாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்தும் நசுங்காது. ஒரு பாட்டின் முடிவிலிருந்து அடுத்த பாட்டுக்குச் சொல்லாலேயே பாலம் போடுவார். படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று நான்கு பேருக்கும் உரியதைச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டு சுழலும். கவிஞர்களின் பெயர்களை எங்கள் ஊர்க் குழந்தைகள் கற்றது இப்படித்தான். கே.எஸ். ராஜாவின் பாணி இன்னும் சூடானது. படத்தின் வசனத் துண்டுக்குப் பதில் சொல்வதுபோலத் தன் அறிவிப்பை நுழைப்பார், குதிரையோட்டம்தான். அவரை 1994-இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் அதற்கு நேர்மாறு. அவர் பேசினால் அவசரமே இல்லாத ஓர் உலகம் இருப்பதாகத் தோன்றும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', ஞாயிறு வந்தால் பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு', இரவில் 'இசையும் கதையும்' என்று எங்கள் நாள் அவர்கள் கடிகாரத்தில் ஓடியது.

இலங்கைத் தமிழ் ஏன் இரைச்சலைக் கிழித்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஓர் ஒலியின் மேல்பகுதி வெட்டுப்பட்டுவிடும். ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும், மிஞ்சியதும் கொரகொரப்போடு கலந்துவிடும். உயிரெழுத்தும் ழ, ள, ற, ண என்ற எழுத்துகளும் தாங்கி நிற்கும். வடசொல்லைக் குறைத்து, ழகரத்தை முழுதாக உருட்டி, குறில் நெடில் பிசகாமல் பேசியவர்களுக்கு அலையே துணை நின்றது. தமிழ்ப் பற்றினால் செய்தார்களோ, தொழில் நுணுக்கத்தால் செய்தார்களோ, பலன் ஒன்றுதான். அப்துல் ஹமீது மேடையில் ஒரு போட்டியாளரின் லகர ளகரத்தைத் திருத்தும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பழைய அலைவரிசையின் ஒழுக்கமாகத்தான் தெரியும்.

லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் போர்க்காலத்தில் பிறந்தது. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரமும் இலங்கையிலிருந்து போனவரே. 'ஒலிபரப்புக் கலை' என்று நூலும் எழுதி வைத்தார். கண்ணுக்கு எழுதும் தமிழ் வேறு, காதுக்கு எழுதும் தமிழ் வேறு என்பதை இத்தனை அக்கறையோடு சொன்ன நூல்கள் நம்மிடம் அதிகமில்லை. ஈழத்துச் செய்திக்காக எண்பதுகளில் தமிழோசையை மாமா காதை ஒட்டி வைத்துக் கேட்பார். சிற்றலை மேலும் கீழும் ஆடும். நடுவே அரை வாக்கியம் மறைந்துவிடும். அதனால்தானோ என்னவோ, அவர்கள் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. 2017 ஏப்ரலோடு அந்த வானொலிச் சேவை நின்றது.

கொழும்பு மங்கத் தொடங்கிய பிறகு திருச்சியும் சென்னையும் மறுபடி எங்கள் வீட்டுக்குள் வந்தன. அதற்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஒருவரே போதும். வேளாண்மை படித்து, திருநெல்வேலி நிலையத்தில் விவசாயிகளுக்காகப் பேசிப் பழகியவர். 'இன்று ஒரு தகவல்' சில நிமிடம்தான். முக்கால்வாசி கதை, கடைசியில் ஒரு சிரிப்பு, அதன் அடியில் தகவல். அடக்கப் பள்ளியிலிருந்து வந்து, அடக்கம் கெடாமலே தன்னைக் காட்டிக்கொண்டவர் அவர். அந்தப் பள்ளியின் குறையை அதன் உள்ளேயே ஓர் ஆள் தீர்த்தது அதிசயம்தான்.

பிறகு பண்பலை வந்தது. வடக்கே தருமபுரி, தெற்கே அடிவாரத்தில் சேலம். பண்பலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பவன் பையில் இருக்கும் செல்போன் கண்ணாடி போலப் பாடும். அதே நேரம் முகட்டுக்கு மறுபுறம், பள்ளத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடிக் கிராமம் ஒன்றில் எதுவும் வராது. கொழும்பு வந்த இடத்துக்குச் சேலம் வரவில்லை. வருகிற இடத்தில் இரைச்சல் இல்லை. ஆகவே விழுங்கிப் பேசினாலும் புரிகிறது, பாட்டு யார் எழுதியது என்று சொல்லாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. வேகம் மயில்வாகனத்திடமும் இருந்தது, அரட்டை தென்கச்சியிடமும் இருந்தது. இன்றைய இளைஞர்களின் கலகலப்பை நான் பழிக்கவில்லை. காலையில் காப்பிக் களத்தில் பழம் துழாவும் பெண்களுக்கு அவர்கள் நல்ல துணை. அவர்கள் எதையும் தாண்டி வர வேண்டியிருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

2022 ஆகஸ்டில் சரோஜ் நாராயணசுவாமி காலமான செய்தி வாட்ஸப்பில் வந்தது. கூடவே யாரோ அவருடைய பழைய குரலைச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்ட மாமாவின் காதருகே செல்போனை வைத்தேன். முழுதும் கேட்டார். "நல்லாத்தான் வாசிக்கிறாங்க. யாரு இந்தம்மா?" என்றார்.